சமாதானபுரத்தில் சண்டை

ஏப்ரல் 3, திங்கள்

சமாதானபுரம் வீட்டுக்குச் சாவி வாங்கிவிட்டேன். மாடி வீடு. தண்ணீர் வரும், காற்று வரும், வீட்டுக்காரரின் நாயும் வரும். பாளையங்கோட்டையில் இந்த வாடகைக்கு இதற்குமேல் எதிர்பார்த்தால் பேராசை.

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். எங்கள் மிஷனிலிருந்து வடக்கே ஊழியத்துக்குப் போகிறவர்களை ரயில் ஏற்றிவிடுவேன், திரும்பி வருகிறவர்களை இறக்கிவைப்பேன், நடுவில் அவர்கள் பிள்ளைகளை விடுதியில் வைத்துச் சோறு போடுவேன். ஏற்றிவிடுவது சுலபம். மாலை, ஜெபம், கையசைப்பு, முடிந்தது. இறக்கிவைப்பதுதான் பெரும்பாடு. காட்டிலும் மலையிலும் இருந்து வருகிறவர்களுக்குக் காய்கறி விலையிலிருந்து எல்லாமே புதிது. போன வருஷம் வந்த பிரதர் ஒருவர் மார்க்கெட் ரோட்டைக் கடக்கப் பயந்து, ஆட்டோ பிடித்து எதிர்ப்பக்கம் போய் இறங்கினார்.

இந்த வீட்டுக்கு வரப்போவது சிகாமணியும் அவர் மனைவி வயலட்டும். ஒடிசா மலைக்குள் இருந்தார்கள், லீவுக்குக்கூடப் பிள்ளையை அனுப்பமுடியாத இடம். அங்குள்ள சபையை அந்த ஊர்க்காரர்கள் கையிலேயே ஒப்படைத்துவிட்டு வருகிறார்கள். இனி எங்கே என்பதுதான் கேள்வி. இங்கே மிஷன் அலுவலகத்தில் ஒரு வேலை இருக்கிறது. சத்தீஸ்கரில் புதிய இடம் ஒன்றும் ஆள் கேட்கிறது. மே பத்தாம் தேதி கமிட்டி கூடும்போது சிகாமணி ஒரு பதில் சொல்ல வேண்டும். இங்கே இருந்தால் மகள் பியூலா அவர்களோடு இருப்பாள். போனால், பிளஸ் டூ முடியும்வரை விடுதியில் என்னோடு இருப்பாள்.

பியூலா ஆறு வயதில் என்னிடம் வந்தவள். இப்போது பிளஸ் ஒன் கடைசிப் பரீட்சையில் நிற்கிறாள். படிக்கப் போ என்று சொல்லியும் கேட்காமல் வீடு கழுவ வந்தாள். மூலை முடுக்கெல்லாம் தேய்த்துவிட்டு, "அவிய எப்ப வாராவ ஆன்ட்டி?" என்று கேட்டாள். அப்பா அம்மா என்று சொல்லவில்லை. பரீட்சைக் களைப்பாக இருக்கும்.

ஏப்ரல் 5, புதன்

ஜங்ஷனுக்குப் போய் அழைத்து வந்தோம். சாக்குகள், சுருட்டிய பாய்கள், ஒரு மூட்டை நிறைய மலை மஞ்சள். இந்த ஊரில் மஞ்சளே கிடைக்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. வயலட் பாதி ஆளாக இளைத்திருக்கிறாள். சிகாமணிக்கு முன்மண்டையில் முடி இல்லை.

பியூலா பரீட்சை எழுதின கையோடு நல்ல சுடிதார் மாற்றிக்கொண்டு வந்தாள். இருவரும் பெட்டியிலிருந்து இறங்கியதும் முன்னால் போய்க் கைகூப்பி, "தோத்திரம்ப்பா, தோத்திரம்மா" என்றாள். சர்ச்சுக்கு விருந்தாளியாக வரும் பாஸ்டரைப் பார்த்தால் சொல்கிற தோத்திரம். சிகாமணியும் பழக்கதோஷத்தில், "தோத்திரம்மா, நல்லாருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார், பெற்ற மகளைப் பார்த்து.

எனக்குச் சிரிப்பு வந்தது. வயலட்டுக்கு வரவில்லை.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மும்மணி நேர ஆராதனை முடிந்ததும் கமிட்டியார் இரண்டு பேர் என்னிடம் வந்து, ஈஸ்டர் அன்றைக்கு சிகாமணி குடும்பத்துக்குச் சால்வை போட்டு, ஊழிய அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லச் சொல்லலாமா என்றார்கள். வந்தவர்களை ஒரு மாதத்துக்கு யாரும் மேடை ஏற்றக்கூடாது என்பது என் சட்டம். முதலில் அவர்கள் தூங்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை முடிந்து, மத்தியானச் சாப்பாடு சமாதானபுரத்தில். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வயலட் கோழிக் குழம்பில் கடுகை அரைத்து ஊற்றியிருந்தாள். அங்கத்துச் சமையலாம். மூக்கில் ஏறியது. பியூலா மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். தன் தட்டைக் கழுவினாள், அப்பா தட்டையும் கழுவினாள், மேசையைத் துடைத்தாள். "சாப்பாடு ரொம்ப நல்லாருந்துச்சும்மா, தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள். வயலட் அடுக்களைக்குள் போய் வெகுநேரம் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

பாவம், அவளுக்கு உதவலாம் என்று பியூலாவுக்கு என்னென்ன பிடிக்கும் என்று சொன்னேன். தோசை முறுகலாக வேண்டும், மேலே முட்டை ஊற்ற வேண்டும். கத்தரிக்காய் ஆகாது. டிசம்பரிலும் ஃபேன் வேண்டும். காலையில் எழுந்ததும் யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. வயலட் டாக்டர் சொல்வதைக் கேட்கும் நர்ஸ் மாதிரி தலையாட்டினாள். நான் சொல்லாவிட்டால் இதையெல்லாம் அவளுக்கு யார் சொல்வார்கள்.

ஏப்ரல் 13, வியாழன்

கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆதார் முகவரி மாற்ற சிகாமணியையும் வயலட்டையும் கூட்டிப் போனேன். போகிற வழியில் வயலட் முருங்கைக்காய்க்காரியிடம் ஒடியாவில் பேரம் பேசினாள். அவளும் சளைக்காமல் தமிழில் பேசி, கடைசியில் இருவரும் ஒரு விலைக்கு வந்து சேர்ந்தார்கள். எனக்குத் தமிழில் பேசியே அந்த விலை படிந்ததில்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு

இன்று பியூலா பெட்டியோடு சமாதானபுரம் போனாள். பாதிச் சாமான் அலமாரியிலேயே இருக்கிறது. இருக்கட்டும், எங்கே போய்விடப் போகிறது என்று நான்தான் சொன்னேன். மற்ற பிள்ளைகளெல்லாம் லீவுக்கு வடக்கே அப்பா அம்மாவிடம் போய்விட்டார்கள். விடுதி வெறிச்சென்று இருக்கிறது.

கொண்டுபோய் விட்டபோது குடும்ப ஜெபத்துக்கும் உட்கார்ந்தேன். சிகாமணி தமிழில் ஆரம்பித்தார். கொஞ்சம் உருக்கமானதும் மலைமொழிக்குத் தாவிவிட்டார். வயலட்டும் அதே மொழியில் ஜெபித்து அழுதாள். நடுநடுவே "பியூலா" என்ற பெயர் மட்டும்தான் எங்களுக்குப் புரிந்தது. பியூலா கண்ணைத் திறந்து ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தாள். படியிறங்கும்போது என் பின்னாலேயே வந்து, "ஆன்ட்டி, எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் அந்தப் பாஷையில பேசுறாங்களா?" என்று கேட்டாள். அப்படி இருக்காது என்றேன். வேறு என்ன காரணம் என்று எனக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 21, வெள்ளி

பியூலா தினமும் சாயங்காலம் விடுதிக்கு வந்துவிடுகிறாள். இங்கே ஒரு வேலையும் இல்லை. வருகிறாள், என் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசுகிறாள், முட்டை தோசை தின்கிறாள், இருட்டுவதற்குள் போகிறாள். வரட்டும். நடந்து வருவது அவள் கால்.

ஆசீர் ஐயா, எங்கள் செயலாளர், போன் செய்தார். சிகாமணி சத்தீஸ்கருக்குச் சம்மதிப்பார் போலத் தெரிகிறதாம். "பிள்ளைக்கு நாங்க பழக்கமில்ல, அவ விடுதியிலதான் சந்தோஷமா இருக்கா" என்றாராம். பிள்ளையைத் தெரிந்தவள் நான் என்பதால் கமிட்டிக்கு முன்னால் என் கருத்தும் வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், இருக்கிறது.

ஏப்ரல் 27, வியாழன்

சிகாமணி விடுதிக்கே வந்தார். வராந்தாவில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"எக்கா, நீங்க பிள்ளைய எப்படி வளத்துருக்கீங்க. வந்த நாள்ல இருந்து ஒரு முகச்சுளிப்பு இல்ல. ஒரு எதிர்ப்பேச்சு இல்ல" என்றார். தினமும் ஜெபத்தில், அப்பா அம்மாவை ஊழியத்தில் பலப்படுத்தும், என்னை நினைத்து அவர்கள் கலங்காதபடி காத்துக்கொள்ளும் என்று பியூலா ஜெபிக்கிறாளாம். அதைக் கேட்டபிறகுதான் சத்தீஸ்கர் போகலாம் என்ற தைரியம் வந்ததாம்.

அது விடுதியில் எல்லாப் பிள்ளைகளும் படுக்கும்முன் சொல்கிற ஜெபம். நான் சொல்லிக்கொடுத்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட மனப்பாடம்.

"நாங்க போனா பிள்ளை நல்லா இருப்பால்லா?" என்று கேட்டார். என்னிடம் இருந்தால் அவளுக்கு என்ன குறை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் காப்பியைக் குடிக்காமலே போனார்.

மே 2, செவ்வாய்

பியூலாவின் நீலச் சுடிதாரை ஊறவைத்து, தெரியாமல் அதோடு என் சிவப்புச் சேலையையும் போட்டுவிட்டேன். சாயம் ஏறிவிட்டது. வந்து பார்த்தவள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே. "ஒரு வேலையாவது உருப்படியா செய்யத் தெரியுதா உங்களுக்கு? யாரு உங்கள ஊறவைக்கச் சொன்னா?" என்று சுடிதாரைத் தரையில் வீசினாள். வாயை அடக்குட்டி என்று நானும் வீசினேன். ஒரு பாட்டம் அழுதாள். பிறகு வந்து என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, பசிக்குது என்றாள்.

தோசை ஊற்றிக்கொண்டே, மத்தியானம் வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பாம். வயலட் மறந்துவிட்டாள். சாப்பிட்டாயா என்றேன். சாப்பிட்டேன், நல்லா இருக்குன்னு சொன்னேன் என்றாள். முதல் தோசை கருகிவிட்டது.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எனக்குத் தன் பிள்ளை என்ற பேச்சே கிடையாது, ஊட்டுவதோடு சரி. இதைப்பற்றி இன்று இதற்குமேல் எழுத விருப்பமில்லை.

மே 5, வெள்ளி

உபவாசக் கூட்டம் முடிந்ததும் வயலட் என்னோடு நடந்து வந்தாள். வாய்க்கால் பாலம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"எக்கா, நான் அவளுக்கு அம்மா இல்ல. சபையில வந்து உக்காருத விசுவாசி மாதிரி என்கிட்ட அவ்வளவு மரியாதையா இருக்கா. உங்கள ஏசுவாளா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஏசுவாள் என்றேன். செவ்வாய்க்கிழமை நடந்ததையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகத்தில் வந்ததைப் பொறாமை என்று சொன்னால் தப்பு. பசித்தவள் அடுத்த வீட்டுத் தாளிப்பு வாசனையை மோந்ததுபோல இருந்தது.

ஏன் ஜெபத்தில் அந்த மொழிக்குப் போய்விடுகிறீர்கள், பிள்ளை தப்பாக நினைக்கிறாள் என்றேன். வயலட் திகைத்துவிட்டாள். இத்தனை நாளும் அதை அவள் கவனிக்கவே இல்லை.

"அவள விட்டுட்டுப் போன மொத வருஷம் அந்த ஊருப் பொம்பளைங்கதான் என்னக் கட்டிப்புடிச்சிக்கிட்டாவ. அவிய பாஷையில அழுதுதான் எனக்குப் பழக்கம். தமிழ்ல எப்பிடி அழணும்னே மறந்துபோச்சுக்கா."

எப்போதும் திரும்பி வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஆயிரம் புத்திமதி இருக்கும். அந்தப் பாலத்தில் அத்தனையையும் ஓரமாக வைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மே 6, சனி

பியூலா வந்ததும் தோசைக்கு முன்பே சொல்லிவிட்டேன். விடுதிக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறது, முடியும்வரை யாரும் உள்ளே வரக்கூடாது, வீட்டிலேயே இரு என்று. "நான் உங்க ரூம்ல இருப்பேன்" என்றாள். அந்த ரூமுக்கும் வெள்ளையடிக்கிறார்கள் என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

உண்மையில் எந்த ஆளும் வருவதாக இல்லை. ஆனால் மிஷன் வேலையில் இருந்துகொண்டு பொய் சொல்லலாமா. அவள் தெருமுனை தாண்டியதும் பெயிண்டர் அந்தோணிக்குப் போன் செய்து, திங்கட்கிழமையே வந்தாக வேண்டும் என்றேன். போன டிசம்பரில்தானே அடித்தோம் என்றார். பரவாயில்லை, மறுபடியும் அடியுங்கள் என்றேன்.

மே 8, திங்கள்

வெள்ளையடிப்பு. விடுதியெல்லாம் சுண்ணாம்பு வாடை. முட்டை வாங்கவில்லை. அந்தோணி தன் மகளைக் கட்டிக்கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டே அடித்தார். கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு அடித்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 9, செவ்வாய்

நாளை கமிட்டி. இன்று சாயங்காலத்துக்குள் என் கருத்தைச் சொல்ல வேண்டும் என்று ஆசீர் ஐயா காலையிலேயே நினைவூட்டினார். நேரில் பார்க்காமல் எதைச் சொல்வது. பொழுது சாய்கிற நேரத்தில் சமாதானபுரம் போனேன்.

மாடிப்படி ஏறும்போதே ஜெபச் சத்தம் கேட்டது. நடுவில் நுழையக்கூடாது என்று படியிலேயே நின்றுவிட்டேன். பியூலாவின் முறை. நாளைக்கு அப்பா நல்ல பதில் சொல்ல வேண்டும், அப்பா அம்மாவைப் புதிய ஊழியத்தில் பலப்படுத்தும், என்னை நினைத்து அவர்கள் கலங்காதபடி காத்துக்கொள்ளும் என்று தெளிவாக, தடுமாறாமல் ஜெபித்தாள். நான் சொல்லிக்கொடுத்ததில் ஒரு எழுத்துப் பிசகவில்லை. இத்தனை வருஷம் அந்த ஜெபத்தைக் கேட்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் காது கூசியது.

"நிறுத்துட்டி."

வயலட்டின் குரல். ஆமென் சொல்வதற்குள் ஒரு ஜெபத்தை நிறுத்தியவளை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை.

"ஆண்டவர்ட்ட சொன்னது போதும். அவருக்கு எல்லாம் தெரியும். எனக்குத்தான் ஒண்ணும் தெரியல. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நாங்க போவட்டுமா?"

பிறகு பியூலா பேசினாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்த குரல், சுடிதாரை வீசிய குரல்.

"என்கிட்ட எதுக்குக் கேக்கீங்க? சொன்னா மட்டும் இருந்துருவீங்களா? மூணாங்கிளாஸ் லீவு முடிஞ்சப்ப போகாதம்மான்னு சேலையப் புடிச்சேன்லா? விரல ஒவ்வொண்ணா பிரிச்சி விட்டுட்டுத்தான போனீங்க?"

"போனேன். ரயில்ல வழி பூரா அழுதேன்."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? இப்பவும் எனக்குப் புரியாத பாஷையிலதான அழுறீங்க."

"இப்ப தமிழ்லதாட்டி அழுதுக்கிட்டு இருக்கேன், கண்ணு தெரியலயா? வந்த அன்னைக்கே இப்பிடிக் கத்திருக்கலாம்லா. தோத்திரமாம், தேங்க்ஸாம். நான் என்ன கன்வென்ஷன் மேடையில பேச வந்த ஆளா?"

இருவருக்கும் குரல் ஏறிக்கொண்டே போனது. சிகாமணி நடுவில் புகுந்து, மெதுவா, கீழ் வீட்டுக்குக் கேட்கும் என்று ஆரம்பித்தார். "நீங்க சும்மா இருங்க" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரை அடக்கினார்கள். அதில் எது தாயின் குரல், எது மகளின் குரல் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். போகக்கூடாது, போகவே கூடாது என்று பியூலா திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆறு வயதில் விடுதி வாசலில் நின்று சொன்னதற்குப் பிறகு அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

என் கால் அடுத்த படிக்குப் போய்விட்டது. அழுகிற பிள்ளை, சத்தம் போடும் அம்மா, தவிக்கும் அப்பா என்றால் உள்ளே போய் நடுவில் உட்கார்ந்து சமாதானம் செய்துவைப்பதுதான் என் பிழைப்பு. பிள்ளையின் முகம் கழுவிவிட எனக்குத் தெரியும், எதைச் சொன்னால் அடங்குவாள் என்று எனக்குத் தெரியும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னால் எடுத்தேன். வீட்டுக்காரரின் நாய் என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்க்காமல் இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன்.

ரோட்டோரத்தில் நின்றே ஆசீர் ஐயாவுக்குப் போன் செய்தேன். சத்தீஸ்கருக்கு வேறு ஆள் பாருங்கள், சிகாமணி குடும்பம் இங்கேதான் இருக்கும் என்றேன். அவரே சொன்னாரா என்று கேட்டார்.

"அவரைப் பேசவே விடலய்யா. அம்மாவுக்கும் மகளுக்கும் பெரிய சண்ட நடக்கு. நாளைக்கு அவரே வந்து சொல்லுவாரு."

ஐயா பதறிவிட்டார். உடனே புறப்பட்டு வந்து ஜெபம் பண்ணி ஒப்புரவாக்கட்டுமா என்றார்.

"நல்லாருப்பீங்க, வந்து கெடுத்துராதீங்க" என்றேன்.

போனை வைத்த பிறகு விடுதிவரை அழுதுகொண்டே நடந்தேன். தெரிந்தவர்கள் இரண்டு பேர் என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டுவிட்டது என்றேன். அது பொய்தான், இருக்கட்டும். இத்தனை வருஷத்தில் அவளை என் பிள்ளை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. இங்கே ஒரு தடவை எழுதிவைக்கிறேன். என் பிள்ளை. சமாதானபுரத்தில் தன் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.